உபாகமம் 8:18ஐ வைத்து என் அம்மாவை அளக்காதீர்கள்

மூன்று நாளாக ஒரு பிரசங்கியாரின் வீடியோ வந்துகொண்டே இருக்கிறது, வேதாகமத்தில் உபாகமம் 8:18ஐப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை, இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "ஹயில்! எபிரெயுவில் ஹயில்! ஹயில் என்றால் பணம்!" என்று அவர் மேடையில் கத்துகிறார், கூட்டம் கை தட்டுகிறது. அடுத்த வரியிலேயே, கையில் பணம் இல்லாதவன் தேவனுடைய உடன்படிக்கைக்கு வெளியே நிற்கிறான் என்கிறார். அதற்கடுத்த வரியில் விதைக் காணிக்கை, அதாவது இப்போது கொடுத்தால் பலமடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லிக் கேட்கும் காணிக்கை.

இரண்டு நாள் பொறுத்துக்கொண்டேன். நேற்று இரவு என் அக்கா அதையே அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அப்போ அம்மா வெளியேதான் நின்னாளா?"

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் சொன்னதில் சரியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயுவில் ஹயில் என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. உபாகமம் 8:18ல் "ஐசுவரியத்தைச் சம்பாதிக்கிறதற்கான பெலனை உனக்குக் கொடுக்கிறவர்" என்று நம் பழைய தமிழ் வேதாகமம் சொல்வது பிழையான மொழிபெயர்ப்பு இல்லை. ஆதியாகமம் 34ல் யாக்கோபின் மகன்கள் சீகேமைக் கொள்ளையடித்து வாரிக்கொண்டு போனதும் ஹயில்தான். யோபு 20:15ல் துன்மார்க்கன் விழுங்கிவிட்டுக் கக்குகிற ஆஸ்தியும் ஹயில்தான். கொள்ளைக்காரனிடமும் துன்மார்க்கனிடமும் இருக்கக்கூடிய ஒன்றை, தேவன் ஒருவனோடு இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக எப்படிக் காட்ட முடியும்? இந்த ஒரு கேள்விக்கு அந்த மேடையிலிருந்து பதில் வரட்டும்.

பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 240 இடங்களில் இந்தச் சொல் வருகிறது. அதிகமாக வருவது படை என்ற பொருளில். செங்கடலில் மூழ்கிப்போன பார்வோனின் சேனை ஹயில். வீரம் ஹயில். உடல் வலு, திறமை, நல்ல குணம், இவையும் ஹயில். சொத்து என்பது அதன் ஒரு மூலை. இன்றைய எபிரெயுவில்கூட போர்வீரனுக்கு ஹயால் என்றுதான் பெயர். நம் 'பொருள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்தும் பொருள்தான், சொல்லின் அர்த்தமும் பொருள்தான். இந்தச் செய்யுளுக்குப் பொருள் சொல் என்று தமிழாசிரியர் கேட்டால் ரூபாய் நோட்டையா எடுத்து நீட்டுவோம்? எந்த வாக்கியத்தில், யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று பார்க்கவேண்டாமா?

ரூத்தின் புத்தகத்தைத் திறந்துபாருங்கள். 2:1ல் போவாஸை அறிமுகப்படுத்தும்போது ஹயில் வருகிறது. நம் வேதாகமம் அங்கே "மிகுந்த ஆஸ்திக்காரன்" என்கிறது. அடுத்த அதிகாரத்தில், 3:11ல், அதே போவாஸ் ரூத்தைப் பார்த்து அதே சொல்லைச் சொல்கிறான். அங்கே "நீ குணசாலி" என்று இருக்கிறது. ரூத் யார்? மோவாபிலிருந்து வந்த விதவை. அடுத்தவர் வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி மாமியாருக்குக் கஞ்சி ஊற்றியவள். ஊரின் பணக்காரனுக்கும் கதிர் பொறுக்கியவளுக்கும் வேதம் ஒரே சொல்லைக் கொடுக்கிறது. இதைச் சொல்லிக் கொடுங்கள் மேடையில்!

நியாயாதிபதிகள் புத்தகத்தில் வரும் கிதியோனும் அப்படித்தான். தேவதூதன் அவனைப் "பராக்கிரமசாலியே" என்று கூப்பிடுகிறான், ஹயில் உள்ளவனே என்று. அவனோ, மனாசேயில் என் குடும்பம் மிகவும் எளியது என்கிறான். அதே புத்தகத்தில் வரும் யெப்தாவை, உனக்குச் சொத்தில் பங்கு இல்லை என்று சொல்லி உடன்பிறந்தவர்களே துரத்திவிட்டார்கள். அவனும் ஹயில் உள்ளவன். யாத்திராகமம் 18:21ஐ நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஜனங்களுக்குத் தலைவர்களாக எப்படிப்பட்டவர்களை வைக்கவேண்டும் என்று எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொல்கிறார்: ஹயில் உள்ள மனிதர்கள், தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசையை வெறுக்கிறவர்கள். ஹயிலும் பொருளாசையை வெறுப்பதும் ஒரே வசனத்தில் ஒன்றாக நிற்கின்றன. எபிரெயு தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

"நீ என்ன பெரிய எபிரெயு பண்டிதனா, பிரதர்?" என்று கேட்கப்போகிறீர்கள். இல்லை. இரண்டு வருடம் மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவன், அவ்வளவுதான். நான் சொன்ன வசனங்களைச் சரிபார்க்க, ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய அகராதி போதும். சரிபாருங்கள்.

"ஆபிரகாம் பணக்காரன்தானே?" ஆமாம். ஆதியாகமம் 13:2 அதைச் சொல்கிறது. அங்கே இருக்கும் எபிரெயுச் சொல் வேறு, கனமானவன் என்று பொருள். விட்டுவிடுவோம், பெரிய விஷயமில்லை.

"அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே." இந்த வசனத்தை எனக்கு நான்கு பேர் அனுப்பிவிட்டீர்கள். சங்கீதம் 105ஐ முழுக்க வாசியுங்கள். சொந்த நிலமில்லாமல், கொஞ்சம் பேராக, தேசம் தேசமாக அலைந்த முற்பிதாக்களை ராஜாக்களிடமிருந்து காப்பாற்றச் சொன்ன வார்த்தை அது. மேடையில் நிற்பவரிடம் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்காகச் சொன்னதில்லை.

"அப்போ ஏழையாகவே இருக்கச் சொல்கிறாயா?" இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. வறுமை என்றால் என்ன என்று என்னிடமா கேட்கிறீர்கள்?

எங்கள் அம்மா பீடி சுற்றினாள். அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பத்து. மடியில் சுளகு, பக்கத்தில் நனைத்த இலை, தூள், நூல். பகல் முழுக்கச் சுற்றியும் கணக்கு முடியாவிட்டால் ராத்திரியும் சுற்றுவாள். அந்தத் தூள் வாசனை எங்கள் பள்ளிக்கூடப் பைவரைக்கும் இருக்கும். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஊரில் ஒரு விசேஷக் கூட்டம் நடந்தது. வந்திருந்த பிரசங்கியார் அம்மாவை எழுப்பி நிறுத்தி, எல்லார் முன்னாலும் சொன்னார்: "சகோதரி, வீட்டுல வறுமை இருக்குதுன்னா எங்கேயோ விசுவாசத்துல குறைவு இருக்குது." அன்றைக்கு அவர் பிடித்துக்கொண்டதும் இதே உபாகமம் 8:18தான்.

அம்மா அந்த வாரக் கூலியைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். என் பரீட்சைக் கட்டணம் அதில்தான் இருந்தது. பணம் போனதைவிட, அதற்கப்புறம் பல வருடம் ராத்திரி ஜெபத்தில் "என் விசுவாசக் குறைவை மன்னியும் ஆண்டவரே" என்று அவள் அழுததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என்ன குறைவு அவளிடம்? யார் அளந்து பார்த்தார்கள்?

அந்த அதிகாரத்தை அன்றைக்கும் யாரும் முழுக்க வாசிக்கவில்லை, இன்றைக்கும் வாசிக்கவில்லை. உபாகமம் 8 எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது. நாற்பது வருடம் வனாந்தரத்தில் நடந்த ஜனங்கள் நல்ல தேசத்துக்குள் போகப்போகிறார்கள். தின்று திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டி, வெள்ளியும் பொன்னும் பெருகும்போது கர்த்தரை மறந்துவிடாதே என்று மோசே கெஞ்சுகிறார். 17ஆம் வசனத்தில், என் கைபலத்தால் சம்பாதித்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளாதே என்கிறார். அதற்குப் பதிலாகத்தான் 18 வருகிறது. 19ல், மறந்தால் அழிவாய் என்கிறார். மனுஷன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்பதும் இதே அதிகாரம்தான், 3ஆம் வசனம். வனாந்தரத்தில் பசித்திருந்த இயேசு பிசாசிடம் சொன்ன பதில் இங்கிருந்து எடுத்தது. ஒரு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து ஏழைகள் முன்னால் காணிக்கைப் பையோடு நீட்டுவதற்கு எப்படி மனசு வருகிறது?

அக்காவுக்குச் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. உபாகமம் 8:18ல் "ஐசுவரியத்தைச் சம்பாதிக்கிறது" என்று தமிழில் இருப்பது எபிரெயுவில் "ஹயிலைச் செய்வது". அதே வினையும் அதே சொல்லும் நீதிமொழிகள் 31:29ல் பெண்களைப் பற்றி வருகின்றன: "அநேகம் பெண்கள் குணசாலிகளாயிருந்ததுண்டு, நீயோ அவர்கள் எல்லாருக்கும் மேற்பட்டவள்." ஹயிலைச் செய்த பெண்கள். இருட்டோடே எழுந்து வீட்டாருக்குச் சாப்பாடு போட்டவள், இரவில் விளக்கு அணையாமல் கைவேலை செய்தவள் என்று அந்த அதிகாரம் யாரைச் சொல்கிறதோ, அவளைப் பற்றி. யூதர்கள் வெள்ளிக்கிழமை இரவு ஓய்வுநாள் பந்தியில் இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். அம்மாவை அடக்கம் செய்த அன்று எங்கள் உபதேசியாரும் இதைத்தான் வாசித்தார்.

அக்கா, அம்மா வெளியே நிற்கவில்லை. மற்றவர்களே, தயவுசெய்து அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள்.