பதினோராம் லெவல் வீரனுக்கு வாள் பிடிக்கத் தெரியாதாம்!

பகடையில் 1 விழுந்தால் கையிலிருக்கும் வாளையே தவறவிட வைக்கிற இந்த ஃபம்பிள் விதியை யார் கொண்டுவந்தார்களோ, அவர்களை நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் விதிப்புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் இப்படி ஒரு விதி கிடையாது. 2014இல் வந்த அந்தப் புத்தகம் சொல்வது இவ்வளவுதான்: தாக்கும்போது டி20இல், அதாவது இருபது முகப் பகடையில், 1 விழுந்தால் குறி தப்பும். அத்தோடு சரி. வாள் கைநழுவும், வில் நாண் அறும், பக்கத்தில் நிற்கும் நம்ம ஆள் முதுகிலேயே குத்து விழும் என்றெல்லாம் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடும் மாடி அறையில், எனக்கு 1 விழுந்தால் ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் அண்ணனுக்கு வருகிற பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! "போச்சு தம்பி, வாள் அகழியில விழுந்துடுச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணா, புத்தகத்தில் அப்படி இல்லையே என்றால், "ஜாலிக்குத்தானே" என்பார். யாருக்கு ஜாலி? என் முறை மறுபடி வர அரை மணி நேரம் ஆகும். வந்ததும் அந்தச் சுற்றில் என் வேலை வாளைத் தேடுவது.

இதில் வயிறெரிவது கணக்கைப் பார்க்கும்போதுதான். டி20இல் எந்த முகம் விழவும் 5 சதவீத வாய்ப்பு. முதல் லெவல் ஃபைட்டர், அதாவது வாள் வீரன், ஒரு சுற்றில் ஒரு தடவை வெட்டுவான். நாலு சுற்றுச் சண்டையில் ஒரு தடவையாவது 1 விழ 18.5 சதவீதம். அதே ஆள் அடிபட்டு மிதிபட்டுப் பதினோராம் லெவலுக்கு வந்தால் சுற்றுக்கு மூன்று வெட்டு. நாலு சுற்றில் பன்னிரண்டு உருட்டல். இப்போது வாய்ப்பு 46 சதவீதம்! அதாவது, நேற்று வாள் எடுத்த பொடியனைவிட ஊரே பேர் சொல்லும் வீரன்தான் சண்டைக்குச் சண்டை வாளைக் கீழே போடுகிறான். தேறத் தேறக் கோமாளி ஆகிற தொழில் உலகத்தில் வேறு எதுவாவது இருக்கிறதா?

இதே நேரத்தில் விசார்ட், அதாவது மந்திரவாதி, என்ன செய்கிறார் தெரியுமா? ஃபயர்பால் என்கிற நெருப்பு மந்திரம் போடுகிறார். எட்டு ஆறுமுகப் பகடை டேமேஜ். குறி தப்புகிற பேச்சே இல்லை, ஏனென்றால் அவர் டி20 உருட்டுவதே இல்லை. தப்பிக்க வேண்டிய எதிரிதான் உருட்ட வேண்டும், அதுவும் தப்பித்தாலும் பாதி டேமேஜ் உண்டு. ஃபம்பிள் அவர் பக்கம் எட்டியும் பார்க்காது. வாளைத் தூக்கினவன் தலையில் மட்டும் இந்த அபராதம்.

சண்டைதான் இப்படி என்றால் மற்ற நேரமும் உருட்டல்தான். போன கதையில் ஒரு கோட்டை. நம்ம வேலூர்க் கோட்டையை மனதில் வைத்து வரைந்தது, பார்த்ததும் தெரிந்தது. அகழி, கருங்கல் மதில், எல்லாம் அழகு. எங்கள் ரோக், அதாவது திருடன், உள்ளே நுழைய வேண்டும். கயிறு வீச ஒரு உருட்டல், ஏற ஒன்று, மதிலைத் தாண்ட ஒன்று, சத்தமில்லாமல் இறங்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 70 சதவீத வாய்ப்பு என்றே வையுங்கள். நாலும் சேர்ந்து கைகூட 24 சதவீதம்தான். திருடுவதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு இந்த நிலை. அந்த ரோக்கை ஆடுகிற நண்பன் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறான். மத்தியானம் முழுக்க "வழுக்கிட்ட", "மாட்டிக்கிட்ட" என்று கேட்டுவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். வராமலே இருந்திருந்தால் பஸ் டிக்கெட் காசாவது மிச்சமாகியிருக்கும்.

வட ஆற்காட்டுக்காரனுக்கு இதை விளக்கவே தேவையில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ‘பகடை துகில்’ கூத்தில் சகுனி உருட்டும்போதெல்லாம் ஒரு பணயம் இருக்கும். நாடு, தம்பிமார், தருமன், கடைசியில் திரௌபதி. அதனால்தான் ஜனங்கள் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தருமன் செருப்பு மாட்டுவதற்குப் பகடை உருட்டி யாராவது பார்த்திருக்கிறீர்களா?

தோற்பதில் எனக்கு வருத்தமே இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2010இல் வந்த அபோகாலிப்ஸ் வேர்ல்ட் என்கிற இதே வகை ஆட்டத்தில் இரண்டு ஆறுமுகப் பகடைதான். கூட்டுத்தொகை 10க்கு மேல் போனால் நினைத்தது நடக்கும், 10 வந்தாலும் அப்படியே. 7 முதல் 9 வரை வந்தால் பெரும்பாலும் நடக்கும், ஆனால் கையைக் கடிக்கும். கூட்டல் கழித்தல் எதுவும் சேர்க்காவிட்டால் அந்த நடுவாந்தர முடிவு மட்டும் 42 சதவீதம். மதில் ஏறிவிடுவாய், ஆனால் மேலே காவலாளி நிற்பான். இதுவும் அடிதான், ஆனால் கதை நகர்கிறதே! "தப்பிடுச்சு, அடுத்தவர்" என்று யாரையும் சுவரோரம் உட்கார வைப்பதில்லை.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. "பாக்கலாம் தம்பி" என்றார். அவர் எப்படிப் பார்ப்பார் என்பது தெரியும். அதனால் ஃபைட்டர் ஷீட்டை மடித்து வைத்துவிட்டு, அதே லெவலில் ஒரு விசார்ட் எழுதிவிட்டேன். வரும் ஞாயிறு முதல் வேலையாக ஃபயர்பால். டி20 அண்ணன் கையில் இருக்கட்டும், அவரே உருட்டட்டும்.