ஸ்டார்ட் கொச்சைச் சொல் அல்ல

ஆங்கிலத்தில் 'தொடங்கு' என்பதற்கு உள்ள சொற்களைப் பற்றி ஒருவர், "ஸ்டார்ட் (start) என்பது பேச்சுவழக்குக் கொச்சை, விண்ணப்பத்தில் பிகின் (begin) அல்லது கமென்ஸ் (commence) என்றுதான் எழுத வேண்டும், மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றே" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள் இருப்பதால் சொல்கிறேன்.

ஸ்டார்ட், பிகின் இரண்டுமே பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள். ஸ்டார்ட்டின் மூலப் பொருள் துள்ளுவது, திடுக்கிட்டு எழுவது. ஸ்டார்ட்டில் (startle, திடுக்கிடச் செய்) என்ற சொல்லில் அந்தத் திடுக்கிடல் இன்னும் இருக்கிறது. அசைவு அதன் பிறப்பிலேயே உண்டு. அதனால்தான் எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாம், பிகின் செய்ய முடியாது. தமிழிலும் அப்படித்தானே? கிண்டி சிக்னலில் நின்றுபோன வண்டியைக் 'கிளப்பு' என்போம், 'தொடங்கு' என்று யாரும் சொல்வதில்லை. காலையில் தாம்பரத்துக்குப் புறப்படுவதற்கும், புதிதாக ஒரு கடை ஆரம்பிப்பதற்கும் ஸ்டார்ட்தான் பொருந்தும்.

கூட்டம், பாடம், மழை என்றால் இரண்டில் எதுவும் சரி. பிகின் சற்று நிதானமான தொனி, அவ்வளவுதான்.

கமென்ஸ் பிரெஞ்சு வழியாக வந்தது. ஒப்பந்தம், நீதிமன்ற விசாரணை, அரசு அறிவிப்பு போன்றவற்றில் அது இயல்பு. "நான் கோடிங் கற்க கமென்ஸ் செய்தேன்" என்று சுயவிவரத்தில் எழுதினால் விறைப்பாக இருக்கும். ஸ்டார்ட் என்றே தைரியமாக எழுதுங்கள்.

அப்புறம் இன்னொன்று: பிகின் இறந்தகாலத்தில் பிகேன் (began); ஹேவ், ஹேட் (have, had) முன்னால் வந்தால் பிகன் (begun). உண்மையில் மதிப்பெண் போவது இங்கேதான்.