‘பங்கேற்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கும், அதற்கு ஆமாம் போட்டவர்களுக்கும்

சனிக்கிழமை என் இரண்டு பிள்ளைகளும் ஒரு விளையாட்டு மையத்துக்குப் போயிருந்தார்கள்; அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மதிப்பீட்டு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். மகளுடைய அட்டையின் படத்தைப் போட்டு, வேடிக்கை பார்ப்பதும் விளையாட்டுதான் என்று நான்கே வரிகளில் எழுதியதற்கு இத்தனை பேர் வந்து எனக்குப் பாடம் நடத்துவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே, அந்த அட்டையின் படத்தைப் பார்த்தவர்களுக்காகவும், பார்க்காமலேயே கருத்துச் சொன்னவர்களுக்காகவும், இன்று சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அட்டையில் கவனம், கைத்திறன், மொழி, கூடி விளையாடுதல் முதலான ஆறு கட்டங்கள் இருந்தன. என் மகனுடைய அட்டையில் ஆறிலும் நட்சத்திரம். மூன்று வயதும் நான்கு மாதமும் ஆன என் மகளுடைய அட்டையில் ஆறும் காலி; கீழே மட்டும், ‘பங்கேற்கவில்லை, வேடிக்கை பார்த்தாள்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியதில் பொய் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய நாற்பது நிமிடம் அவள் மரக்கட்டை மூலையருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, தன்னைவிடப் பெரிய இரண்டு பிள்ளைகள் ஒரு பாலம் கட்டுவதையும், அது சரிவதையும், அவர்கள் சண்டையிட்டுக்கொண்டு மறுபடியும் கட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்துக் குளத்துக்குப் போகவில்லை, பாவனைக் கடையில் எதையும் விற்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

வேடிக்கை பார்ப்பதும் விளையாட்டுதான். அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் இதைத்தான் சொல்கிறேன். இது பெற்ற பாசத்தில் நானாகக் கண்டுபிடித்த சமாதானம் அன்று. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மின்னசோட்டாவில் ஒரு மழலையர் பள்ளியில் குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்து, அவர்கள் மற்றவர்களோடு சேரும் விதங்களை ஆறாகப் பிரித்து 1932 இல் வெளியிட்டார். அந்த ஆறில் ஒன்று, பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது. எதையும் செய்யாமல் சும்மா இருப்பதை அவர் வேறு வகையில் வைத்தார். ஏனென்றால் பார்த்து நிற்கும் குழந்தை கண்ணில் பட்டதையெல்லாம் பார்ப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பேசுவது காதில் விழும் தூரத்தில் நின்று பார்க்கிறது. என் மகள் நின்ற இடமும் அதுதான். அட்டையிலும் ஆறு கட்டங்கள், பார்ட்டனிடமும் ஆறு வகைகள். ஆனால் அட்டை அச்சடித்தவர்கள் எந்த ஆறைப் படித்தார்களோ, எனக்குத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் (ஆம், இதுவும் வேடிக்கைதான்), அந்த மையத்தின் நுழைவுச் சுவரில் மரியா மாண்டிசோரியின் பெரிய படம் மாட்டியிருக்கிறது. 1907 இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளுக்கான இல்லத்தைத் திறந்த அந்த அம்மையார், ஒன்றில் ஆழ்ந்திருக்கும் குழந்தையிடம் பெரியவர்கள் குறுக்கிடக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியவர். அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரமும் அங்கே இருக்கிறது: ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையிலான பத்துக் கனசதுரக் கட்டைகள். வரிசை தவறினால் குழந்தையின் கண்ணுக்கே அது தெரிந்துவிடும், யாரும் திருத்த வேண்டியதில்லை என்பதுதான் அதன் அமைப்பு. அந்தக் கோபுரத்தைத்தான், ஒரு சிறுவனின் கையிலிருந்து கட்டையை வாங்கி, “இப்படி வைக்கணும் கண்ணா” என்று பணியாளர் ஒருவர் சரிசெய்துகொண்டிருந்தார். படம் சுவரில் இருக்கட்டும், குறை சொல்லவில்லை.

‘அந்தப் பெண்கள் பாவம், மேலிடம் சொன்னதைச் செய்கிறார்கள்’ என்று ஒரு தோழி எழுதியிருந்தார். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ‘ஓர் அட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா’ என்று கேட்டவருக்கு, அந்த அட்டையை உங்கள் பிள்ளையின் பெயரோடு வாங்கிப் பாருங்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஆனால், ‘பிள்ளையை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்’ என்று எழுதினீர்களே, உங்களிடம்தான் பேச வேண்டும். குழந்தையின் வளர்ச்சியில் ஐயம் வந்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும், அதை மறுக்கும் அளவுக்கு நான் மூடத்தனமானவள் அல்லள். வீட்டில் நிறுத்தாமல் பேசும், அண்ணனோடு உருண்டு புரளும், யாரிடம் கோபம், யாரிடம் செல்லம் என்று கணக்கு வைத்திருக்கும் ஒரு குழந்தையைக் கண்ணால்கூடப் பார்க்காமல், ஒரு விளையாட்டு மையத்து அட்டையை வைத்துக்கொண்டு நீங்கள் அதைச் சொன்னது அக்கறை என்று நம்பத்தான் முயன்றேன். இரவு இரண்டு மணி வரை முயன்றேன்.

எனக்கு ஏழு வயதில் பள்ளி மாறியது. புதுப் பள்ளியில் இடைவேளைதோறும் பெண்கள் நீளமான கயிற்றைச் சுழற்றிக் குதிப்பார்கள். நான் ஒரு வாரம் ஓரமாக நின்று, கயிறு தரையைத் தட்டும் சத்தத்தை மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். சுழலும் கயிற்றுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், எண்ணாமல் நுழைய முடியாது. இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டிருந்தால் நானே நுழைந்திருப்பேன். ஓர் ஆசிரியை வந்து, “ஏன் மரம் மாதிரி நிக்குற?” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். கயிறு முகத்தில் அடித்தது. அவர் நல்லவர், என் நன்மைக்காகத்தான் தள்ளினார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் நான் கயிறு குதித்ததே இல்லை.

வீடு திரும்பியதும் மகள் தன் கட்டைகளை எடுத்து, அங்கே பார்த்த பாலத்தை அப்படியே கட்டிக் காட்டினாள் என்று எழுதினால் உங்களுக்கெல்லாம் நிறைவாக இருந்திருக்கும். கட்டவில்லை. வண்டியிலேயே தூங்கிவிட்டாள். எதையாவது செய்துகாட்டினால்தான் அவள் பார்த்தது செல்லும் என்ற கணக்கையே நான் ஏற்கவில்லை. குழந்தைகளின் விளையாடும் உரிமையை ஐ.நா.வின் 1989 ஆம் ஆண்டு உடன்படிக்கை அதன் 31 ஆவது பிரிவில் ஏற்றிருக்கிறது. அதே பிரிவு முதலில் சொல்வது ஓய்வையும் சும்மா இருக்கும் நேரத்தையும்.

இந்த அட்டை எங்கிருந்து வந்தது? போன நேரத்துக்கு என்ன கிடைத்தது என்று வாசலில் நின்று கேட்கும் நம்மிடமிருந்துதான் வந்தது. மகனுடைய ஆறு நட்சத்திரங்களை நானும் உடனே படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். அவளுடைய அட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொள்கை பிறந்தது. அன்று என் கணவர் எடுத்த காணொளி ஒன்றை நேற்றுதான் பார்த்தேன். மரக்கட்டை மூலை, பாலம், அவளுடைய பின்கட்டிய கைகள், எல்லாம் அதில் இருக்கின்றன. பதினோராவது விநாடியில் ஒரு கை வந்து அவள் முதுகில் பட்டு, “போடா செல்லம், நீயும் போய் விளையாடு” என்று முன்னே தள்ளுகிறது. வளையலைப் பார்த்தால் தெரிகிறது, அது பணியாளருடைய கை அல்ல.