பாய்மரப் படகு மாநாடுகளில் யாரைப் பேச வைக்கிறோம்?

பாய்மரப் படகோட்டிகளின் கருத்தரங்கு என்றால் பாதிக்குப் பாதி ஒரே அச்சுதான். உலகம் சுற்றி வந்தவர் மேடையேறுவார். அலை வீட்டுக் கூரை உயரம் இருந்தது என்பார், கூடம் வாயைப் பிளக்கும். அந்தி வானப் படம், பொன்னாடை, செல்ஃபி, சாப்பாடு. கேட்டுவிட்டுப் போனவர் அடுத்த ஞாயிறு படகில் ஏறும்போது எதையாவது மாற்றிச் செய்வாரா என்றால், மாட்டார். மாற்றிச் செய்யும்படி அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

சாதித்தவர்களைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களிடம் சரக்கு இருக்கிறது. அதை வெளியே எடுக்க நமக்குக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் தேக்கில் கட்டிய சுஹைலி என்ற படகில் 1968 ஜூன் 14 அன்று ஃபால்மவுத்தை விட்டுக் கிளம்பி, 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பியவர். எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். விழா மேடையில் இந்த ஒரு வரியோடு அறிமுகம் முடிந்துவிடும். ஆனால் ஒரு படகோட்டிக்கு உதவுவது வேறு சங்கதி. கிளம்பிச் சில வாரத்திலேயே அடிப்பலகைப் பொருத்தில் நீர் கசிந்தது. நடுக்கடலில் நீருக்குள் இறங்கித்தான் அடைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சைத் திணித்தால், சுத்தியலை எடுத்து அடிப்பதற்குள் பஞ்சு நழுவி வெளியே வந்துவிடுகிறது. அவர் என்ன செய்தார்? ஒன்றரை அங்குல அகலக் கேன்வாஸ் நாடாவில் பஞ்சை முன்கூட்டியே தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளைப் படகின் மேல்தளத்திலேயே அதில் குத்தி வைத்துக்கொண்டு இறங்கினார். நீருக்கடியில் மிச்சம் இருந்தது ஆணியின் தலையில் தட்டும் வேலை மட்டும். நாடாவின் மேல் பிறகு செப்புத் தகடு. வெளுத்த தோல் சுறாவின் கண்ணில் படக்கூடாதென்று கருநீலச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு இறங்கினார் என்பதும் இதில் சேரும். மூச்சுப் பிடிக்கும் நேரம் குறைவு, அதனால் கைவேலையில் முக்கால் பங்கை மேலேயே முடித்துவிடு என்பது இதிலிருக்கும் பாடம். எத்தனை நாள் தனிமையில் இருந்தீர்கள் என்று கேட்டால் இது வராது; ஆணியை எங்கே வைத்துக் குத்தினீர்கள் என்று கேட்டால்தான் வரும்.

இந்த மாதிரிக் கேள்வியை மேடையிலேயே கேட்கும் ஆள்தான் பயிற்றுநர். அதனால் சாதனையாளர் ஒருவர் வந்தால் பக்கத்து நாற்காலியில் பயிற்றுநர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி. ஒருவர் நடந்ததைச் சொல்ல, இன்னொருவர் அதை அளவாகவும் படிகளாகவும் உடைத்துத் தர வேண்டும்.

ஆள் கடலில் விழுவதையே பாருங்கள். எல்லாக் கருத்தரங்கிலும் இதற்கு ஒரு ஸ்லைடு உண்டு: படகைத் திருப்பு, ஆளிடம் போ, தூக்கு. அந்த மூன்றாவது சொல்லில்தான் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

முதலில் கணக்கு. 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகம் என்றால் நொடிக்கு 3 மீட்டர். என்ன நடந்தது என்று புரிவதற்குள் 10 நொடி போய்விடும், ஆள் 30 மீட்டர் பின்னால். ஒரு நிமிடத்தில் 185 மீட்டர். இரண்டு மீட்டர் அலையில் அந்தத் தூரத்தில் ஒரு தலையைத் தேடிப் பிடிப்பது தேங்காய் தேடுவது மாதிரி. அதனால்தான் பாயை இறக்கு, இன்ஜினைப் போடு என்று நேரம் கடத்தாமல், விழுந்த கணமே படகின் முன்பக்கத்தைக் காற்றுக்குள் திருப்பச் சொல்கிறார்கள். முன்பாயின் கயிற்றைத் தொடக்கூடாது. அது காற்றின் எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டு படகின் வேகத்தைக் கொல்லும். அப்படியே வட்டமடித்து, காற்று பின்னால் வரும்போது முன்பாயை இறக்கி, இன்னொரு திருப்பம் போட்டு, பெரிய பாயைத் தளர்த்தியபடி ஆளை நெருங்க வேண்டும். இதற்குப் பெயர் குவிக் ஸ்டாப். ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் விழுந்தவரை நோக்கி விரலை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும். இன்ஜினைப் போடும் முன் நீரில் ஏதாவது கயிறு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் கயிற்றை ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால், விழுந்தவர் ஒரு பக்கம், ஓடாத படகு ஒரு பக்கம்.

சரி, ஆள் பக்கத்தில் வந்துவிட்டார். 80 கிலோ மனிதர், நனைந்த உடையோடு தூக்கும்போது 95 கிலோ. நீர்மட்டத்திலிருந்து தளம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், அதற்கு மேல் 60 சென்டிமீட்டர் பாதுகாப்புக் கம்பி. படகு ஆடுகிறது, அவர் கையில் பிடி இல்லை. இரண்டு பேர் குனிந்து கையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், வராது. நாலு மடங்கு கப்பி போட்டால் கணக்குக்கு 24 கிலோ விசை போதும்; உராய்வோடு 30, 35 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் இழுகயிற்றை வின்ச்சில் (கைப்பிடியால் சுழற்றும் உருளையில்) சுற்றினால் பலம் குறைந்தவரும் தூக்கிவிடலாம்.

இங்கேதான் வழக்கமான தப்பு நடக்கும். மேல் கப்பியைக் கைக்கு எட்டும் உயரத்திலோ, பெரிய பாயின் அடியில் கிடையாக நீளும் பூம் கட்டையிலோ மாட்டிவிடுகிறார்கள். ஆள் கம்பியைத் தாண்டுவதற்கு முன்பே இரண்டு கப்பிகளும் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு அங்குலம் போகாது; அவர் படகின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு மோதிக்கொண்டிருப்பார். பாயேற்றும் கயிற்றைக் கொண்டு மேல் கப்பியைத் தளத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். இதைப் படம் போட்டுக் காட்டினால் புரிந்த மாதிரி இருக்கும். மண்டபத்து உத்தரத்தில் கப்பியைக் கட்டி, கூட்டத்தில் எடை அதிகமான ஒருவரை வாரில் மாட்டி, மெலிந்த ஒருவரைத் தூக்கச் சொன்னால்தான் உண்மையில் புரியும். பத்து நிமிட வேலை. தலைமையுரையில் அந்தப் பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குளிர்நீரைப் பற்றி ஒரு வார்த்தை. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கு இந்தத் துறையில் பலருக்கும் மனப்பாடம்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். அதைச் சென்னையில் அப்படியே ஒப்பிப்பது வீண். வங்கக்கடல் 28 டிகிரி; இங்கே கொல்வது தூரமும் தாகமும் வெயிலும். கனடாவில் பேசியதை எண்ணூருக்கு முன்னால் நின்று பேசினால் வெப்பநிலையையாவது மாற்றிக்கொள்ள வேண்டாமா?

அடுத்தது லைஃப் ஜாக்கெட். இதில் என் பொறுமை குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எல்லோரும் அணியுங்கள்" என்று சொல்லி இறங்கிவிடும் பேச்சாளர்களால் ஒரு பயனும் இல்லை. தானாக ஊதிக்கொள்ளும் 150 நியூட்டன் ஜாக்கெட்டின் உள்ளே 33 கிராம் கரியமில வாயு அடைத்த குப்பி இருக்கும். அந்த வாயு விரிந்தால் சுமார் 17 லிட்டர், அதாவது 17 கிலோ அளவுக்கு மிதப்பு. குப்பி திருகில் மாட்டியிருப்பது. படகின் அதிர்வில் மெல்லக் கழன்று கொண்டே வரும். அரைச் சுற்றுக் கழன்றாலும் ஊசி குப்பியின் வாயைத் துளைக்காமல் போகலாம். எனவே ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். குப்பியின் மேல் மொத்த எடை பொறித்திருக்கும். சமையலறைத் தராசில் வைத்தால் போதும், ஓரிரு கிராம் குறைந்தாலே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். நீர் பட்டால் கரைந்து ஊசியை விடுவிக்கும் சிறு வில்லைக்குக் காலாவதித் தேதி உண்டு. நம் கடற்கரையின் ஈரக்காற்றில் மூடிய பெட்டிக்குள் கிடந்தால் அது தானே கரைந்து, ஜாக்கெட் பெட்டிக்குள்ளேயே ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, தொடை வாரை மட்டும் மாட்டாமல் விடுவார்கள். உறுத்துகிறதாம். வார் இல்லாவிட்டால் ஊதிய ஜாக்கெட் மேலே ஏறிக் காதை மூடும், உடல் கீழே நழுவும், வாய் நீர்மட்டத்துக்கு வரும். நீச்சல் குளத்தில் வாரோடு ஒருமுறை, வாரில்லாமல் ஒருமுறை குதிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது குதிப்புக்குப் பிறகு யாரும் உறுத்தலைப் பற்றிப் பேச மாட்டார்கள். கடல் பந்தயங்களுக்கான உலகப் பாய்மர அமைப்பின் பயிற்சியில் குளத்து வகுப்பைக் கட்டாயமாக வைத்திருப்பதும், சான்றிதழை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்வதும் இதனால்தான்.

படகோடு உடலைப் பிணைக்கும் டெதர் வாருக்கு வருவோம். 2017 நவம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில், உலகைச் சுற்றும் கிளிப்பர் பந்தயப் படகு ஒன்றில் டெதர் மாட்டியிருந்த ஒருவரே கடலில் விழுந்து இறந்தார். வார் அறவில்லை. வாரின் நுனிக் கொக்கி தளத்திலிருந்த கயிறு கட்டும் கிளீட்டின் அடியில் சிக்கி, நீளவாக்கில் தாங்க வேண்டிய இழுவை பக்கவாட்டில் விழுந்தது. கொக்கி வளைந்து திறந்துகொண்டது. தரச்சான்று பெற்ற கொக்கிதான்; ஆனால் சோதனை நீளவாக்கு இழுவைக்கானது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு வளைந்த கொக்கியின் படத்தோடு எச்சரிக்கை வெளியிட்டது. மேடைக்கு அந்தப் படம் ஒன்று போதும். பார்த்தவர் ஊருக்குப் போனதும் தன் படகில் குனிந்து, டெதரை மாட்டத் தளத்தின் நீளத்துக்குக் கட்டியிருக்கும் நாடாவில் கொக்கியை முன்னும் பின்னும் இழுத்து, எங்கே சிக்குகிறது என்று பார்ப்பார்.

வழிகாட்டலில் எனக்குப் பிடித்த உதாரணம் 2014 நவம்பர் 29. உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் பந்தயத்தில் கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் முழுவேகத்தில் ஏறியது. உலகத்தரக் குழு, மின்னணு வரைபடம், ஜி.பி.எஸ்., எல்லாம் இருந்தது. திரையைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால், சிறிய அளவிலான வரைபடத்தில் அந்த இடம் 40 மீட்டர் ஆழம் போலத் தெரிந்தது. அதையும் தாண்டிப் பெரிதாக்கினால்தான் திட்டு முகம் காட்டும். 9 பேரும் பிழைத்தது அதிர்ஷ்டம். பிறகு விசாரித்து அறிக்கை எழுதிய மூவரில் ஒருவர் ஸ்டான் ஹனி. வோல்வோ பந்தயத்தை வழிகாட்டியாக வென்றவர். அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் மைதானத்தின் மேல் ஒரு மஞ்சள் கோடு தெரியுமே, அதை உருவாக்கிய பொறியாளரும் அவரே. இன்னொருவர் சக் ஹாலி, பாதுகாப்புப் பயிற்சியில் பழுத்தவர். சாதனையாளர் பக்கத்தில் பயிற்றுநர் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. யாரையும் கழுவிலேற்றாமல், மென்பொருள் எங்கே ஏமாற்றுகிறது என்று அந்த அறிக்கை காட்டியது. போகவிருக்கும் பாதை முழுவதையும் மிகப் பெரிய அளவில் விரல் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அலுப்பான வேலைதான். பாதை கடைசி நேரத்தில் மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. அந்தப் பந்தயத்தில் தடைப் பகுதியின் எல்லையைக் கிளம்பும் சமயத்தில்தான் மாற்றினார்கள்.

பெரும்புயலில் என்ன செய்வது என்பதில் வல்லவர்களுக்குள்ளேயே ஒப்புதல் இல்லை. மாநாடுகள் இதை மறைக்கின்றன என்பதுதான் என் பெரிய குறை. புயலில் சிக்கிய 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள், மூழ்கியவை 5. மீதி 19 காலியாக மிதந்தபடியே கிடைத்தன. அந்தப் புயலுக்குப் பிறகுதான் டொனால்ட் ஜோர்டன் என்ற விமானப் பொறியாளர், நீண்ட கயிற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு துணிக் கூம்புகளைக் கோத்துப் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரோக்கை வடிவமைத்தார். உலகம் சுற்றிய படகோட்டிகளான லின், லேரி பார்டி தம்பதி நேர் எதிர்: படகின் முன்பக்கத்திலிருந்து பாராசூட் நங்கூரம், காற்றுக்குச் சாய்வாக நின்று காத்திரு என்பது அவர்கள் வழி. இரு தரப்புக்கும் காரணம் உண்டு. ட்ரோக்கைச் சாதாரணக் கிளீட்டில் கட்டினால் பெயர்த்துக்கொண்டு போய்விடும். பின்பக்க மூலைகளில் உடலோடு சேர்த்துப் போல்ட் போட்ட தகடு வேண்டும். அறுந்தால் நிலைமை விபரீதம்: 2018 டிசம்பரில், தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் சூசி குடாலின் ட்ரோக் கயிறு அறுந்த பிறகுதான் படகு தலைகுப்புறக் கவிழ்ந்தது. இரு கட்சிக்காரர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்து, என்ன எடைப் படகு, என்ன அடிக்கட்டை வடிவம், எத்தனை பேர் என்று கேட்டு வாதாட விட வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம் தனித்தனியாகக் கொடுத்தால் இருவருக்கும் கைதட்டு கிடைக்கும், கேட்பவருக்குக் குழப்பம் மிஞ்சும்.

நம் பக்கத்திலிருந்து அபிலாஷ் டோமி. 2018 செப்டம்பர் 21 அன்று அதே கோல்டன் குளோப் பந்தயத்தில் அவர் படகு துரியா கவிழ்ந்து, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல். மூன்று நாள் கழித்து ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. 2022 பந்தயத்தில் மறுபடி இறங்கி இரண்டாமிடம் பிடித்தார். எல்லோரும் மனவுறுதியைக் கேட்கிறார்கள். நான் பையைக் கேட்பேன். செயற்கைக்கோள் தொலைபேசி செத்துவிட்டது; மாற்றுச் செய்திக் கருவியும் கையடக்க வி.எச்.எஃப். வானொலியும் அவசரப் பைக்குள் இருந்தன; அந்தப் பை அவர் கைக்கு எட்டவில்லை என்று அமைப்பாளர்கள் அப்போது தெரிவித்தார்கள். அவசரப் பையைப் படகை விட்டு வெளியேறும் வழியில் வை என்றுதான் எல்லோரும் கற்பிக்கிறார்கள். எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் கிடப்பவனுக்கு? படுத்தபடியே கையை நீட்டி எதையெல்லாம் எடுக்க முடிகிறது என்று அளந்து, அந்த வட்டத்துக்குள் ஒரு கருவியையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் கட்டி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

புதுச்சேரிக்காரரான கடற்படை அதிகாரி ரூபா, சக அதிகாரி தில்னாவோடு தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மே 29 அன்று உலகைச் சுற்றித் திரும்பினார். 56 அடிப் படகு, இரண்டே பேர். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழுந்தால், எழுந்து வருபவர் தனியாள். மேலே சொன்ன கப்பி, வின்ச், விரல் நீட்டும் வேலை எல்லாம் அவர் ஒருவர் தலையில். அவர் சென்னையில் எங்காவது பேச வந்தால் யாராவது கையைத் தூக்கி, இதற்கு என்ன ஏற்பாடு வைத்திருந்தீர்கள், எத்தனை தடவை ஒத்திகை பார்த்தீர்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று கேளுங்கள். செல்ஃபியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.