சூட்டைக் கூட்டச் சொல்ற மகான்களுக்கு

போக்கர் ஆடுற களிமண் சிப்புல, சூடான டையால (எழுத்து செதுக்கின பித்தளைக் கட்டை) தங்க நிற ஃபாயிலை அழுத்தி எழுத்து பதிக்கிற மிஷின் வேலை நம்மளோடது. மறுபடியும் அதே பதில். அச்சு அரைநிலாவா விழுது, இடது பாதி பளபளன்னு தங்கம், வலது பாதி வெறும் களிமண்ணுன்னு படம் எடுத்து, அதுல வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஃபாயில் வித்தவருக்கு அனுப்பினா ஒத்தை வரியில பதில் வருது: "டெம்பரேச்சரைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க." கூடவே ஒரு கட்டைவிரல் பொம்மை. அந்தக் கட்டைவிரலைப் பிடிச்சு அப்படியே டைக்கு அடியில வைக்கணும் போல இருக்கு.

கூட்டியாச்சு சாமி. 250 ஃபாரன்ஹீட்டை 260 ஆக்கியாச்சு, 270 ஆக்கியாச்சு, 300-ஐயும் தொட்டாச்சு. அரைநிலா பௌர்ணமி ஆச்சா? ஆகலை. மொதல்ல தங்க அரைநிலா, இப்போ கருகின அரைநிலா. ஒழுங்கா விழுந்துக்கிட்டிருந்த இடது பாதியிலயும் எழுத்தோட ஓரமெல்லாம் பிசிறடிச்சு, 8-க்குள்ள இருக்குற ரெண்டு ஓட்டையும் அடைச்சு, தங்கம் மங்கிப்போய் பித்தளைச் சொம்பு கலருக்கு வந்துடுச்சு. வலது பாதி? அது பாட்டுக்குக் களிமண்ணாவே உக்காந்திருக்கு.

சூடு டை முழுக்கத்தான்யா இருக்கு. ஒரு அங்குலப் பித்தளைக் கட்டையில இடது பக்கம் மட்டும் வெயில் காலம், வலது பக்கம் மார்கழின்னு எவன் சொன்னான்?

ஒரு தடவை மிஷினோட லீவரை இழுக்குற ரெண்டு செகண்டுல என்ன நடக்குதுன்னு மெதுவா ஓட்டிப் பாப்போம். சிவப்பு அஞ்சு டாலர் சிப் ஒண்ணு. 39 மில்லிமீட்டர் விட்டம், 3.3 மில்லிமீட்டர் கனம். ஜிக்குல, அதாவது சிப்பை அசையாமப் பிடிச்சுக்குற தாங்கியில, உக்கார வச்சாச்சு. மேல ஃபாயில். நிறம் இருக்குற பக்கம் சிப்பைப் பாத்து, பாலியெஸ்டர் படலம் டையைப் பாத்து. (எது எந்தப் பக்கம்னு சந்தேகமா? ரெண்டு பக்கமும் செல்லோ டேப்பை ஒட்டி இழுங்க. எந்தப் பக்கம் நிறம் உரிஞ்சு வருதோ அதுதான் கீழே.) லீவரை இழுக்குறோம். டையை மாட்டியிருக்குற தலை இறங்குது. டையோட இடது ஓரம் ஃபாயிலைத் தொடுது. அந்த 12 மைக்ரான் படலத்தைத் தாண்டிச் சூடு இறங்குது. படலத்தையும் நிறத்தையும் பிடிச்சுக்கிட்டிருக்குற மெழுகு மாதிரியான ரிலீஸ் அடுக்கு இளகுது. அடியில இருக்குற பசை அடுக்கு உருகி, அழுத்தத்துல களிமண்ணோட பொடிப்பொடி நுண்குழிக்குள்ள போய் உக்காருது. இடது பக்கம் எல்லாம் சுபம், கெட்டிமேளம்.

அதே நேரத்துல வலது ஓரம் என்ன பண்ணிக்கிட்டிருக்கு? சும்மா தொங்கிக்கிட்டிருக்கு. சிப்புக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஜெராக்ஸ் பேப்பர் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர் இடைவெளி. இன்னும் அழுத்தி இழுக்குறோம். தலையைத் தாங்குற கம்பியில ஆட்டம் இருக்குறதால அழுத்தின வேகத்துல அது இன்னும் கொஞ்சம் சாயுது. இடது பக்கம் களிமண் பள்ளமாகுது. வலது பக்கம் லேசா உரசுது, அவ்வளவுதான். நடுவுல இருக்குறது வெறும் காத்து. காத்துக்கு 300 டிகிரி குடுத்தா என்ன, 3000 குடுத்தா என்ன? காத்து தங்கத்தைப் பிடிச்சுக்குமா? லீவரை விடுறோம். ஃபாயிலை உரிக்கிறோம். இடது பாதி சிப்புல. வலது பாதி எழுத்தெல்லாம் அந்தப் படலத்துலயே பத்திரமா, அழகா, ஒரு கீறல் இல்லாம ஒட்டிக்கிட்டிருக்கு.

இதுக்குத்தான் கட்டைவிரல் பொம்மை.

சூட்டைத் தொடுறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய சோதனை ஒண்ணே ஒண்ணு. காசு செலவில்லை. சிப்போட விளிம்புல பென்சில்ல ஒரு கோடு போட்டு, கோடு 12 மணியைப் பாக்குற மாதிரி வச்சு ஒரு அச்சு. அடுத்த சிப்பை 6 மணிக்குத் திருப்பி வச்சு ஒரு அச்சு. குறை ரெண்டுலயும் மிஷினோட அதே பக்கத்துல விழுந்தா டையும் மேடையும் சமமா இல்லைன்னு அர்த்தம். குறை பக்கம் மாறினா சிப்புதான் கோணல். தட்டையான கண்ணாடி மேல வச்சுச் சுத்திவிட்டா ராட்டினம் சுத்துற சிப்பையெல்லாம் மொதல்லயே ஓரம் கட்டிடுங்க, அது எந்த மிஷினுக்கும் அடங்காது. சுத்தின இடமெல்லாம் குறை தாறுமாறா, திட்டுத்திட்டா விழுந்தா மட்டும்தான் சூடு, பசை, எண்ணெய்னு மத்த ஆராய்ச்சி. இந்த ஒரு கேள்வியைத் திருப்பிக் கேக்குறதுக்கு என்ன பஞ்சம் உங்களுக்கு? "சிப்பைத் திருப்பி வச்சுப் பாத்தீங்களா?" நாலு வார்த்தை. முடியாது. சூட்டைக் கூட்டு.

சமம் இல்லைன்னு தெரிஞ்சா மிஷினை அணைங்க. கார்பன் பேப்பர், அதுக்கு அடியில வெள்ளை அட்டை. டை ஆறினதுக்கு அப்புறம் லேசா ஒரு அழுத்து. எந்தப் பக்கம் வெளிறிப் போகுதோ அந்தப் பக்கம் ஜிக்குக்கு அடியில தாளோ டேப்போ வச்சுத் தாங்கு குடுங்க. ஜெராக்ஸ் பேப்பர் 0.1 மில்லிமீட்டர், பார்சல் டேப் சுமார் 0.05. இதுக்கு மேல நுணுக்கமான அளவுகோல் தேவையில்லை. டையோட முதுகுல தாள் வைக்காதீங்க, வச்சா சூடு ஏறுறது தடைபடும், மறுபடியும் அந்த மகான்கிட்டயே போய் நிக்கணும். மேடை உயரத்தையும் பாருங்க. லீவர் கிட்டத்தட்ட கடைசிக்கு வரும்போதுதான் டை சிப்பைத் தொடணும். பாதி வழியில தொட்டா கை பலத்துல தலை சாயும், ஆளுக்கு ஆள் அச்சு மாறும். ஹாலிவுட்ல செஞ்ச பழைய கிங்ஸ்லி மிஷின் கிடைச்சவங்களுக்கு இந்த ஆட்டம் கம்மி. தோல் பர்ஸுல பேர் போடுற மலிவு மிஷினை வாங்கினவங்களுக்கு அந்த ரெண்டு கம்பிதான் ஏழரைச் சனி.

இன்னொரு கோஷ்டி இருக்கு. தொடாமலே சூடு அளக்குற இன்ஃப்ராரெட் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு வர்ற விஞ்ஞானிகள். "மிஷின்ல 270-னு காட்டுது, ஆனா துப்பாக்கியில 140-தான் வருது, உங்க டை சூடாகவே இல்லை, கூட்டுங்க." ஐயா, அது மெருகு போட்ட பித்தளை. பளபளன்னு இருக்குற உலோகம் தன்னோட சூட்டை அகச்சிவப்பா வெளியில விடுறது ரொம்பக் கம்மி. துப்பாக்கி பாக்குறது பாதிக்கு மேல ரூமோட பிரதிபலிப்பு. நீங்க டை சூட்டை அளக்கலை, ஏசியை அளக்குறீங்க. டையோட பக்கவாட்டுல சூடு தாங்குற கேப்டான் டேப் ஒரு துண்டை ஒட்டி, அது மேல குறி வச்சு அளங்க. இல்லைன்னா தெர்மோகப்பிள் (தொட்டுச் சூடு அளக்குற கம்பி) முனையை டையோட முகத்துல வச்சுப் பாருங்க. மிஷின் டிஸ்ப்ளேயையும் அப்படியே நம்ப வேண்டாம், அது ஹீட்டருக்குப் பக்கத்துல இருக்குற சென்சார் சொல்ற கணக்கு. டை முகம் அதைவிடக் குறைவாத்தான் இருக்கும். எவ்வளவு குறைவுன்னு ஒரு தடவை அளந்து, தாள்ல எழுதி மிஷின்லயே ஒட்டிட்டா அதோட கதை முடிஞ்சுது. அப்புறம் 250-ல ஆரம்பிச்சு, பத்துப் பத்து டிகிரியா, ஒரு செகண்டுலேருந்து ரெண்டு செகண்டுக்குள்ள, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும். சூடு, நேரம், அழுத்தம் மூணையும் ஒரே மூச்சுல மாத்திட்டு "செட்டாகிடுச்சு"ன்னு சொல்றவங்க நாளைக்கு மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிப்பாங்க.

சரி, சமமா இருக்கு, சூடும் சரி, ஆனா செல்லோ டேப் ஒட்டி இழுத்தா தங்கம் தோல் மாதிரி உரிஞ்சு வருது. இங்கேயும் அதே மந்திரம்தான் வரும், காதைப் பொத்திக்கங்க. சிப்புல எண்ணெய் இருக்கும். பழைய களிமண் சிப்பை வாங்கி, பாத்திரம் கழுவுற சோப்புல குளிப்பாட்டி, நிறம் எடுப்பாத் தெரியணும்னு மினரல் ஆயில் தேய்ச்சு, புது மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணி விக்கிறாங்க. அது மேல எந்தப் பசை ஒட்டும்? வெதுவெதுப்பான தண்ணியும் சோப்பும் போட்டு மறுபடியும் கழுவி, முழுசா ஒரு நாள் காயவிட்டு, அச்சுப் போட்டு, அதுக்கப்புறம்தான் எண்ணெய். இந்த வரிசையை விக்கிறவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நூறு சிப் பொழைச்சிருக்கும்.

இதுல "எல்லா மெட்டீரியலுக்கும் ஏற்ற யுனிவர்சல் ஃபாயில்"னு ஒரு வஸ்து. எல்லாத்துக்கும்னா பெரும்பாலும் பேப்பருக்குன்னு படிச்சுக்கணும். சிவகாசிக் கல்யாணப் பத்திரிகையில பிள்ளையாரைத் தங்கமா ஜொலிக்க வைக்கிற அதே வேலைதான் இதுவும், ஆனா அங்க அடியில இருக்குறது அட்டை. களிமண் சிப்புக்குப் பிளாஸ்டிக் தரம் ஃபாயில் எடுத்துச் சோதிச்சுப் பாக்கணும். பொடி எழுத்துக்குப் படலம் நிறத்தை இறுக்கமா விடுற ரகம், பெரிய பட்டையான படத்துக்குச் சுலபமா விடுற ரகம். மாத்தி வாங்கினா பொடி எழுத்தைச் சுத்தித் தங்கத் தூள் செதிலடிச்சு நிக்கும். டைக்கு ஃபைல் அனுப்பும்போது நீங்களே கண்ணாடி பிம்பமா திருப்பி அனுப்பாதீங்க, அவங்களும் திருப்புவாங்க, கடைசியில டையில நேரா, சிப்புல இடவலம் மாறி வரும். ரொம்ப மெல்லிய கோடு களிமண்ணுல நிக்கிறது கஷ்டம், அந்த மெல்லிய பூவேலை ஆசையை விட்டுடுங்க.

"களிமண்"னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், அதுவே ஒரு தனி வயித்தெரிச்சல். "14 கிராம் அசல் கிளே" அப்படின்னு போட்டிருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க. அழுத்தி வார்த்த உண்மையான கிளே சிப் எட்டரை முதல் பத்து கிராம்தான் இருக்கும். 14 கிராம்னா நடுவுல இரும்பு வில்லை, சுத்தி பிளாஸ்டிக். பெரும்பாலும் ஏபிஎஸ்ங்கிற பிளாஸ்டிக் ரகம். அது சுமார் 105 செல்சியஸ்ல இளக ஆரம்பிக்கும். நம்ம 250 ஃபாரன்ஹீட் 121 செல்சியஸ். அதுல டையை இறக்கினா அச்சு விழாது, டையே உள்ள விழும். அதுக்கும் ஃபாயில்காரர் என்ன சொல்லுவார்னு ஊகிச்சுக்கங்க.

வெறுப்பேத்துறது என்னன்னா, இது ஒண்ணும் ராக்கெட் இல்லை. 1930, 40-கள்ல அமெரிக்காவுல சட்டத்துக்குப் புறம்பா நடந்த சூதாட்ட கிளப்புங்க, பேரைப் போட்டா மாட்டிக்குவோம்னு வெறும் ரெண்டு மூணு எழுத்தைச் சிப்புல தங்கத்துல அடிச்சு வச்சாங்க. போலீஸ் ரெய்டு, வியர்வை, விஸ்கி எல்லாத்தையும் பாத்த அந்தச் சிப்புங்க இன்னைக்கும் சேகரிக்கிறவங்க கையில எழுத்து தெரிய நிக்குது. நம்மளோடது சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்துல உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்ன விரல் பட்டதும் உதிருது.

500 சிப் செட்டுன்னா 1000 பக்கம். 200 அடி ரோல் ஒண்ணு போதும், அச்சுக்கு ஒண்ணேகால் அங்குலம் நகர்த்தினா 1900 அச்சுக்கு மேல வரும், ஃபாயிலுக்குக் கஞ்சத்தனம் பண்ண வேண்டியதில்லை. சிப்பு மட்டும் 25 கூடுதலா வாங்குங்க. வேகம் ஒரே சீரா இருக்கணும். நடுவுல ஃபோன் பேசிட்டு வந்தா டை சும்மா நின்னு சூடேறியிருக்கும், மொத ரெண்டு அச்சு கழிசல் சிப்புல போகட்டும். விரட்டி விரட்டி அடிச்சா டை ஆறிப்போய் கடைசி இருபது சிப் வெளுத்துக் கிடக்கும். ஃபாயிலை உரிச்சதும் அவசரப்பட்டுச் சிப்பை ஜிக்கிலேருந்து எடுக்காதீங்க. பாருங்க. லேசா விட்டிருந்தா, சிப் அசையாம இருக்கும்போதே புது ஃபாயில் வச்சு இன்னொரு அடி. எடுத்துட்டுத் திரும்ப வச்சா ரெட்டை எழுத்துதான், அதுக்குப் பரிகாரமே கிடையாது. களிமண்ணுல விழுந்த பள்ளம் விழுந்ததுதான். ரெண்டாம் பக்கம் அடிக்கும்போது மொத பக்கத்துத் தங்கம் சூடான மேடையில உரசாம இருக்க அடியில ஒரு வழவழ அட்டை.

இத்தனையும் பண்ணி, ஆயிரம் பக்கமும் நேரா விழுந்து, துடைச்சு, எண்ணெய் போட்டு, அடுக்கி, மேசையில வச்சா, உக்காந்த மொத ஆளு ரெண்டு சிப்பைக் கையில எடுத்து உருட்டிட்டு, "என்னப்பா, வெயிட்டே இல்லை? இரும்பு வச்ச சிப்பு வாங்கியிருக்கலாம்ல?"ன்னு கேப்பான். சிரிக்கிறதா, அழுவுறதா? எனக்குச் சிரிப்புதான் வருது. அவனும் தப்பாம ஒரு யோசனை சொல்லுவான் பாருங்க: "எழுத்து இன்னும் கொஞ்சம் பளிச்சுனு இருக்கலாம். சூடு பத்தலையோ?"

அதை விடுங்க. இந்தக் கேப்டான் டேப்பை ஒரு ரோல் வச்சிருக்கீங்களே, அதோட நுனியை எவனாவது ஒரே தடவையில கண்டுபிடிச்சிருக்கீங்களா? தேன் கலர்ல கண்ணாடி மாதிரி ஒரு டேப்பு, சுத்தி வச்சா நுனியும் தெரியாது, தையலும் தெரியாது. நகத்தால சுத்திச் சுத்திச் சுரண்டி, ஒரு வழியா எங்கேயோ பிடிச்சு இழுத்தா ஒரு நூல் அகலத்துக்குக் கிழிஞ்சு ரோலைச் சுத்தி வருது. நுனியில ஒரு சொட்டு மை வச்சு விக்க இவனுங்களுக்கு என்ன கேடு?