திருப்பூரைச் சுத்திகரிப்பு விதி அழித்துவிட்டதா?

"கழிவுநீரைச் சுத்திகரிக்கச் சொல்லித்தான் திருப்பூர்த் தொழிலை ஒழித்தார்கள், சுற்றுச்சூழல் பார்த்தால் லாபம் பார்க்க முடியாது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது உண்மை. ஆர்டர்கள் கைநழுவின, தொழிலாளர்கள் வேலையிழந்தனர், சில சிறு ஆலைகள் மீளவே இல்லை. ஆனால் தொழில் அழியவில்லை. அந்த ஆண்டு ஏறத்தாழ 12,500 கோடி ரூபாயாக இருந்த பின்னலாடை ஏற்றுமதி, 2024-25இல் சுமார் 40,000 கோடியை எட்டியது. இந்த வளர்ச்சி முழுவதும் சுத்திகரிப்பால் வந்தது என்று நான் சொல்லவில்லை; விதி தொழிலைக் கொன்றது என்ற வாதம் மட்டும் நிற்காது.

பல ஆலைகள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நடப்பதைப் பாருங்கள். நுண்ணுயிர்த் தொட்டி, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு, மிச்ச நீரைச் சூடாக்கி ஆவியாக்கும் ஆவியாக்கி என வரிசையாகக் கடந்துவரும் நீரில் பெரும்பகுதி மீண்டும் சாயப்பட்டறைக்கே திரும்புகிறது. கூடவே உப்புக் கரைசலும் கிடைக்கிறது. சாயம் துணியில் பிடிக்க அந்த உப்புதான் வேண்டும். லாரித் தண்ணீரை நம்பியிருந்த ஊரில் இது சாதாரணச் சேமிப்பு அல்ல. கழிவைச் சுத்திகரிக்காமல் அன்று ஆலைகள் மிச்சம்பிடித்த காசுக்கு, அந்தக் கழிவு தேங்கிய நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியிருந்த விவசாயிகள்தான் விலை கொடுத்தார்கள், அதைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் பேசுவது அநியாயம்.

செலவு இன்னும் அதிகம்தான், குறிப்பாக ஆவியாக்கிக்கான எரிபொருள். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. இப்போது தீர்வு தேட வேண்டியது இந்த இரண்டுக்கும்தான்.