பள்ளத்தூர்ப் பாப்பாவும் பக்கத்தில் நின்றவர்களும்

பிடித்த படம் பத்து சொல்லுங்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வருகிற பட்டியல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். நாயகன், மூன்றாம் பிறை, முள்ளும் மலரும், தேவர் மகன். நல்ல படங்கள்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை. பிடித்த நடிப்பு என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் தகராறு. நாம் எப்போதும் பேசுகிறவருக்கே மார்க் போடுகிறோம். மூச்சு விடாமல் நாலு நிமிடம் வசனம், நடுவில் ஒரு விம்மல், கடைசியில் ஒரு கத்தல், முடிந்தது, ‘என்னமா நடிச்சிருக்கான்யா’ என்கிறோம். எதிரே நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தவர் யார் என்று கேட்டால் பெயர்கூடத் தெரியாது.

என்னைக் கேட்டால் நடிப்பில் பாதி, கேட்பதில் இருக்கிறது. அந்தப் பாதியில் தமிழ் சினிமாவின் ஆகப்பெரிய ஆள் மனோரமா. சிவாஜி ரசிகர்கள் அடிக்க வரவேண்டாம், நானும் உங்கள் கட்சிதான்.

‘உங்க ஊர்க்காரம்மா, அதான் தூக்கிப் பிடிக்கிற’ என்று ஒரு கமெண்ட் நிச்சயம் வரும். வரட்டும். அவர் பிறந்தது மன்னார்குடிப் பக்கம், வளர்ந்ததுதான் எங்கள் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். தகப்பன் கைவிட்ட பிறகு, பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்த தாய் இங்கே வீட்டு வேலை செய்து வளர்த்தார். ஊர் நாடகங்களில் பாடி, ஆடி, ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் எடுத்து, எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவுக்குப் போய், 1958-ல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேடத்தில் வந்தார். கண்ணதாசன் யார்? சிறுகூடல்பட்டிக்காரர். அவர் ஊருக்கும் பள்ளத்தூருக்கும் எவ்வளவு தூரம் என்று இந்தப் பக்கத்து ஆட்களிடம் நான் சொல்லவேண்டியதில்லை. ஆக, ஊர்ப் பாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதற்காகச் சொல்வது பொய்யாகிவிடாது.

மனோரமாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஆயிரம் படத்துக்கு மேல், ஐந்து முதல்வர்களோடு நடித்தவர் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கணக்கை எல்லாம் ஓரமாக வையுங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ எடுத்துக்கொள்ளுங்கள். 1968. ஜில் ஜில் ரமாமணியின் ஆட்டபாட்டம் எல்லாருக்கும் மனப்பாடம். நான் சொல்வது வேறு இடம். சிவாஜி அவருக்காக நாதஸ்வரம் வாசிப்பார். இந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருப்பார். சங்கீதம் தெரிந்த ரசிகரின் தலையாட்டல் அல்ல அது. எதைக் கேட்கிறோம் என்றே புரியாத, ஆனால் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று தெரிந்துவிட்ட ஒரு நாடகக்காரியின் முகம். முடிந்ததும், இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா என்கிற மாதிரி வெகுளியாக ஒரு கேள்வி கேட்பார். தியேட்டரே சிரிக்கும். அந்தக் கேள்வி சிரிப்போடு நின்றுவிடாமல் நம் நெஞ்சுக்கும் இறங்குகிறது என்றால், காரணம் அதற்கு முன்னால் அவர் கேட்டிருந்த விதம். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டிருந்தால் அது வெறும் ஜோக்.

அவருடைய வட்டாரப் பேச்சுகளுக்கும் அடிப்படை இந்தக் காதுதான் என்பது என் கட்சி. ‘பொம்மலாட்டம்’ படத்தின் மெட்ராஸ் பாஷைப் பாட்டைப் பாடியவர் செட்டிநாட்டுச் சிற்றூரில் வளர்ந்தவர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ‘சம்சாரம் அது மின்சாரம்’ கண்ணம்மாவும் அதே பாஷை. 1986 படம், விசு இயக்கியது, எடுத்தது காரைக்குடி மெய்யப்பச் செட்டியார் ஆரம்பித்த ஏவிஎம். கிஷ்முவோடு அவர் மல்லுக்கு நிற்கும் காட்சியை எத்தனையோ பேர் மிமிக்ரி செய்தாயிற்று. யாருக்கும் முழுசாக வரவில்லை. அவர்கள் எல்லாரும் கண்ணம்மாவின் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எதிராளி பதில் சொல்லும் நேரத்தில் அவர் முகத்தில் ஓடுவதை விட்டுவிடுகிறார்கள். தன் வசனம் முடிந்தது என்று ஒரு நொடிகூட ஓய்வெடுக்கமாட்டார். ‘சின்னக் கவுண்டர்’ ஆத்தாவையும் பாருங்கள், அங்கே பல்லும் வேறு, பேச்சும் வேறு, ஆளே வேறு.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு ஆச்சி உண்டு. ஊர் உலகத்துக்கே ஆச்சி என்றால் அவர் ஒருத்தர்தான்.

இந்தக் கேட்கிற நடிப்பு எனக்கு உறைத்தது ஒரு படப்பிடிப்பைப் பார்த்துத்தான். கானாடுகாத்தானில் எங்கள் பங்காளி ஒருவரின் வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டிருந்தார்கள். படம் எது, ஆள் யார் என்பதெல்லாம் வேண்டாம். வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்கு, மேலே கறுப்புத் துணி கட்டி வெயிலை மறைத்திருந்தார்கள். தூணுக்குத் தூண் லைட், நடுவில் வெளிச்சத்தைத் திருப்புகிற தெர்மக்கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். மகன் அப்பாவை எதிர்த்துப் பேசுகிற காட்சி. முதலில் ஹீரோவின் குளோசப். அப்பாவாக நடித்த பெரியவர் சஜஷனில், அதாவது கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோள் மட்டும் தெரிய நின்றார். எத்தனை டேக் போனாலும் அந்தத் தோள் கேட்டுக்கொண்டே நின்றது. திரையில் முகம் வரப்போவதில்லை, இருந்தும் முகத்திலும் குறை வைக்கவில்லை. நான் முற்றத்து ஓரத்துப் பட்டாலைத் திண்ணைப் பக்கம் நின்றதால் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

ஹீரோவின் பங்கு முடிந்தது. அவர் கேரவனுக்குப் போய்விட்டார். இப்போது பெரியவரின் ரியாக்‌ஷன். எதிரில் ஆள் இல்லை. உதவி இயக்குநர் ஒருவர் டயலாக் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் ஹீரோவின் வரிகளை வாசிக்கிறார். பெரியவர் அந்தப் பையனின் காதுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது வரியில் தாடை லேசாக இறங்கியது. கடைசி வரியில் கண்ணில் தண்ணீர் கட்டி, விழாமல் நின்றது. கட் சொன்னதும் துண்டால் துடைத்துக்கொண்டு, ‘வெளிச்சத்துக்குத் தள்ளி நின்னுட்டேனா தம்பி?’ என்று கேமராமேனைக் கேட்டார். யாரும் கைதட்டவில்லை. அடுத்த ஷாட்டுக்கு டிராலி போட ஆரம்பித்துவிட்டார்கள். படம் வந்தபோது அந்த அழுகையில் பாதியை வெட்டியிருந்தார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

அதற்குப் பிறகு பார்த்த படங்களையே திரும்பப் பார்க்க ஆரம்பித்தேன், பேசாத ஆளின் மேல் கண்ணை வைத்து. ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி இருக்கிறதே, 1964-லிருந்து அதை நாகேஷ் காட்சி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாகேஷ் பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியை ஓட்டுவது பாலையாவின் முகம். வேண்டாவெறுப்பாக உட்காருகிறார், மெதுவாகக் கதைக்குள் இழுக்கப்படுகிறார், பணக்கார அப்பாவின் மிதப்பு ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் இருட்டைக் கண்ட குழந்தையாகிவிடுகிறார். அவர் பயப்படாமல் உட்கார்ந்திருந்தால் நாகேஷ் வாயால் எழுப்புகிற அத்தனை சத்தமும் வீண். சித்ராலயா கோபுவின் எழுத்தும் ஸ்ரீதரின் நிதானமும் அந்த முகத்தை நம்பித்தான் அவ்வளவு நேரம் நிற்கின்றன.

சிவாஜிக்கு வருகிறேன். 1952-ல் ‘பராசக்தி’ நீதிமன்றத்தில் பேச ஆரம்பித்த மனிதர். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்கள் அப்பச்சியுடையது, அதாவது அப்பாவுடையது. அவர்களுக்குச் சிவாஜி என்றால் வசனம். எனக்குச் சிவாஜி என்றால் 1985-ன் ‘முதல் மரியாதை’. வடிவுக்கரசி ஏசிக்கொண்டே இருப்பார், இவர் வாங்கிக்கொண்டே இருப்பார். முப்பத்து மூன்று வருடம் பேசித் தீர்த்த வாய் இங்கே சும்மா இருக்கிறது. அதற்காக எல்லாரும் சிவாஜியைக் கொண்டாடினார்கள், சரி. வடிவுக்கரசியை யார் கொண்டாடினார்கள்? அந்தப் பொன்னாத்தாள் கொஞ்சம் பிசகியிருந்தால் சிவாஜியின் பொறுமைக்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும். நல்ல பெயர் கிடைக்காத வேடத்தை முழு மனசோடு செய்வதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

‘தேவர் மக’னில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை போன இசக்கி பேசுவதும் அந்த ரகம். வடிவேலு அங்கே சிரிக்கவைக்கத்தான் பேசுகிறார். கமல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற விதத்தில்தான் நமக்குச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது.

ரஜினியிலும் இது உண்டு என்றால் இளவட்டங்கள் நம்புவதில்லை. ‘ஆறிலிருந்து அறுபது வரை’ பாருங்கள். 1979. இயக்கம் எஸ்.பி.முத்துராமன், எழுத்து பஞ்சு அருணாசலம், இரண்டு பேரும் நம்ம காரைக்குடிச் சீமைக்காரர்கள். கூடப்பிறந்தவர்களுக்காகவே உழைத்துத் தேய்ந்த சந்தானம், அவர்களிடமே பேச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். சிகரெட் இல்லை, தலைமுடி சிலுப்பல் இல்லை. ஸ்டைலே பிழைப்பு என்று ஆனபிறகு இந்த ரஜினியை நாம் தொலைத்துவிட்டோம் என்பேன். தொலைத்ததில் அதே முத்துராமனின் பிற்காலப் படங்களுக்கும் பங்கு உண்டு, ஊர்க்காரர் என்பதற்காக அதை விழுங்கமுடியாது.

செட்டிநாடும் சினிமாவும் என்றால் இப்போது எல்லாருக்கும் ஞாபகம் வருவது தூணும் ஆத்தங்குடித் தரைக் கல்லும்தான். கவுண்டர் வீடு வேண்டுமா, நாட்டாமை வீடு வேண்டுமா, ஜமீன் பங்களா வேண்டுமா, கிளம்பி இங்கே வந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு மேக்கப் தேவையில்லை பாருங்கள். இதே மண்ணில், 1940-களில் மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு ‘நாம் இருவர்’, ‘வேதாள உலகம்’ என்று முழுப் படங்களையே எடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1948-க்கு மேல் ஜாகை கோடம்பாக்கம் போய்விட்டது. அந்தக் கதையைத் தனியாக எழுதவேண்டும்.

வீட்டை வெறும் பின்னணியாக வைக்காமல் வீட்டுக்காகவே அழவைத்த படம் என்றால் எனக்கு ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஒன்றுதான். ராஜீவ் மேனன், 2000. ரகுமான் பாட்டு, ஐஸ்வர்யா ராய், தபு, மம்மூட்டி என்று பேச எவ்வளவோ இருக்கிறது. நான் பார்ப்பது ஸ்ரீவித்யாவை. படுக்கையில் கிடந்த தகப்பனாரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்ட மகள். அவர் போனபிறகு பார்த்தால் உயில் மகன் பேருக்கு. பெரிதாக ஒரு வசனமும் இல்லாமல் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்வார். கத்தியிருந்தால் நமக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்தப் படம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வேறு மாதிரிப் படும். இங்கே பூர்வீக வீடு ஆண்வழிப் பங்காளிகளுக்கு. முப்பது புள்ளி, அதாவது முப்பது குடும்பம், இருந்தாலும் முப்பது புள்ளிக்கும் பாத்தியதை உண்டு, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு வந்து பூட்டைத் திறப்பார்கள். பெண்மக்களுக்குச் சீரோடு சரி, அந்த வீட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது என்பதுதான் பழைய வழக்கம். எங்க ஆச்சி, என் மூத்த அக்காள், டிவியில் அந்த இடம் வந்ததும் ரிமோட்டைக் கேட்டார்.

“நிப்பாட்டு தம்பி, போதும்.”

“ஏன் ஆச்சி, நல்லாத்தானே போகுது?”

“நல்லாத்தான் போகுது. அவுக ஒண்ணுமே சொல்லலயே, அதான் பார்க்க முடியலை.”

இதற்குமேல் ஒரு விமர்சனம் அந்த நடிப்புக்கு நான் படித்ததில்லை. ‘தளபதி’யில் ரயில் சத்தம் கேட்டு ஸ்ரீவித்யாவின் முகம் மாறுவதை ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், நானும் எழுத வேண்டாம்.

கடைசியாக, இந்தக் காலத்திலிருந்து ஒன்று. மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. நல்லாண்டி அய்யா நடிகரே அல்ல, நிஜ விவசாயி. படம் 2022-ல் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிறகு தேசிய விருதில் அவர் நடிப்புக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. நான் இதுவரை சொன்னதை எல்லாம் தலைகீழாக்குகிறவர் அவர். அவர் நடித்த மாயாண்டிக்குக் காது சரியாகக் கேட்காது. கோர்ட்டில் கேட்பதற்கு எல்லாம் தன் போக்கில் பதில் சொல்வார். ஆனால் பயிர் விஷயம் என்றால் முகம் உடனே அங்கே போய்விடும். அவரை நடிகர் என்று சொல்லக்கூடாது, இயல்பாக இருந்தார் அவ்வளவுதான் என்று என் நண்பர் ஒருவர் வாதாடுகிறார். கேமரா முன்னால் இயல்பாக இருப்பது அவ்வளவு சுலபமென்றால், நம் ஹீரோக்களில் பாதிப் பேர் ஏன் அதைச் செய்வதில்லை என்று கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

தில்லானா எப்படியும் ஏதாவது ஒரு சேனலில் வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த தடவை ‘நலந்தானா’ பாட்டு வரும்போது பத்மினியையும் சிவாஜியையும் ஒரு தரம் விட்டுவிட்டு, தவிலோடு உட்கார்ந்திருக்கும் பாலையாவை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து கமெண்டில் சண்டை போடலாம். உங்கள் பட்டியலையும் போடுங்கள், ஒரே நிபந்தனை, ஹீரோ பெயர் வரக்கூடாது.